முந்நூறு பக்கக் கோப்பில் வழி தவறாமல் இருக்க

ஆய்வேடோ நாவலோ நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டால், எழுதும் நேரத்தைவிட எழுதிய இடத்தைத் தேடும் நேரம் கூடிவிடுகிறது. மௌஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போகும்போது வழியில் கண்ணில் படும் வாக்கியங்கள் கவனத்தை இழுக்கின்றன. எதைத் திருத்த வந்தோம் என்பதே மறந்துபோகிறது. விசைப்பலகையைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்த அலைச்சல் வேண்டாம். கீழே உள்ளவை விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு.

செய்ய வேண்டியவை

• முதலில் தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். இயல் தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+ஆல்ட்+1. உட்தலைப்புக்கு 2, அதற்கும் உள்ளே 3. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் நம் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. வேர்டுக்கு அதுவும் ஒரு பத்திதான். ஸ்டைல் கொடுத்தபின் கன்ட்ரோல்+எஃப் அழுத்துங்கள். இடப்பக்கம் திறக்கும் நேவிகேஷன் பலகத்தில் ‘ஹெட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நூலின் அமைப்பு முழுவதும் வரிசையாகத் தெரியும். எந்தத் தலைப்பைக் கிளிக் செய்தாலும் அங்கே போய்விடலாம். ஓர் இயலை அப்படியே இழுத்து வேறிடத்தில் போடவும் முடியும். பொருளடக்கத்தையும் இந்தத் தலைப்புகளிலிருந்தே வேர்டு தயாரித்துத் தரும்.

• ஷிஃப்ட்+எஃப்5 விசையைக் கைக்குப் பழக்குங்கள். 40ஆம் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மேற்கோளைச் சரிபார்க்க 210க்குப் போகிறீர்கள். பார்த்துவிட்டு இதை ஒருமுறை அழுத்தினால் எழுதிய வரிக்கே திரும்பலாம். அங்கேயும் ஏதாவது திருத்தியிருந்தால் இன்னொரு முறை அழுத்துங்கள். கடைசியாகத் திருத்திய மூன்று இடங்கள் வரை வேர்டின் நினைவில் இருக்கும். மறுநாள் கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக இதை அழுத்தலாம்.

• பக்க எண் தெரிந்தால் எஃப்5. 147 என்று அடித்து எண்டர் தட்டினால் போதும். +10 என்றால் பத்துப் பக்கம் முன்னே, -10 என்றால் பின்னே. சில மடிக்கணினிகளில் கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டியிருக்கும்.

• கோப்பின் தொடக்கத்துக்கு கன்ட்ரோல்+ஹோம், முடிவுக்கு கன்ட்ரோல்+எண்ட். பத்தி பத்தியாக நகர கன்ட்ரோலுடன் மேல், கீழ் அம்புக்குறிகள்.

• பிறகு நிரப்ப வேண்டிய இடங்களில் @@ என்று போட்டு வையுங்கள். கட்டுரையில் வேறெங்கும் வராத குறி என்பதால், தேடினால் விட்டுப்போனவை மட்டும் வந்து நிற்கும்.

செய்யக்கூடாதவை

• புதிய பக்கம் வேண்டுமென்று எண்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். மேலே ஒரு வரி கூடினாலும் கீழே உள்ள எல்லாம் நகர்ந்துவிடும். கன்ட்ரோல்+எண்டர் போதும்.

• கன்ட்ரோல்+எண்டுடன் ஷிஃப்ட் சேர்ந்துவிட்டதா என்று பாராமல் அடிக்கத் தொடங்காதீர்கள். ஷிஃப்ட் சேர்ந்தால் கர்சரிலிருந்து கோப்பின் முடிவு வரை தேர்வாகிவிடும்; அடுத்து நீங்கள் தட்டும் ஒரே எழுத்து அத்தனை பக்கங்களையும் விழுங்கிவிடும். நேர்ந்துவிட்டால் பதறிச் சேமித்து மூடாமல், உடனே கன்ட்ரோல்+இசட்.

• அம்புக்குறியைத் தொட்டதுமே எழுத்துகள் தேர்வாகிக்கொண்டு போனால் விசைப்பலகை பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் எஃப்8 தவறிப் பட்டிருக்கும். எஸ்கேப் அழுத்துங்கள்.

• பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் யூனிகோடு தமிழில் தேடிவிட்டு, ‘அந்தச் சொல் இல்லை’ என்று நம்பாதீர்கள். அந்தக் கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. முதலில் கோப்பை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்குவோர் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

• எல்லா மென்பொருளிலும் இதே விசைகள் வேலை செய்யும் என்று எண்ணாதீர்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எஃப்5 நேவிகேட்டரைத் திறக்கும். அங்கே தலைப்பு ஸ்டைலுக்கு கன்ட்ரோல்+1. கூகுள் டாக்ஸில் அடுத்த தலைப்புக்குப் போக, கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்தபடி என், பிறகு எச்.