சுவர்கள் சந்திக்கும் மூலை: கணினியிலும் கணக்கிலும்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் கட்டடப் பொறியியல் கற்பிக்கிறேன். அளவைக் கணக்கில் மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலை. அதை விளக்க ரெவிட் மென்பொருளில் உள்ள ‘வால் ஜாயின்ஸ்’ கருவி எனக்குக் கைகொடுக்கிறது. சரிவகத்தின் பரப்பு நடத்தும் கணித ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் கணக்கு

உட்புறம் 4 மீ × 3 மீ உள்ள அறை. சுவரின் தடிமன் 20 செ.மீ., உயரம் 3 மீ. கதவு, சன்னல் இல்லை எனக் கொள்வோம். வெளிப்புற அளவு 4.4 மீ × 3.4 மீ. சுவர்களின் மொத்த நீளம் கேட்டால், சிலர் வெளிச்சுற்றளவைக் கூட்டி 15.6 மீ என்பர். சிலர் உட்சுற்றளவைக் கூட்டி 14 மீ என்பர். முதல் விடையில் நான்கு மூலைகளும் இருமுறை எண்ணப்படுகின்றன. இரண்டாவதில் மூலைகளே விடுபடுகின்றன. சரியான விடை 14.8 மீ, கன அளவு 8.88 கன மீட்டர்.

0.8 மீ வேறுபாடு சிறிதாகத் தோன்றும். கன அளவில் அது 0.48 கன மீட்டர். 19 × 9 × 9 செ.மீ. செங்கல், சாந்துடன் சேர்த்து 20 × 10 × 10 செ.மீ. இடம் பிடிக்கும் என்றால், கன மீட்டருக்கு 500 கற்கள். அப்படியானால் ஓர் அறைக்கே 240 கற்கள் கூடும் அல்லது குறையும்.

இனி மென்பொருள்

‘மாடிஃபை’ பகுதியில் கருவியைத் தேர்ந்து மூலையில் சுட்டியை வைத்தால் ஒரு சதுரம் தோன்றும். சொடுக்கினால் மூன்று வகைகள் கிடைக்கும்.

1. பட்: ஒரு சுவர் மூலைவரை ஓடும், மற்றது அதன்மீது முட்டி நிற்கும். ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் முட்டும் சுவர் மாறும். நெடுஞ்சுவர்கள் மூலைவரை ஓடினால் ஒரு நெடுஞ்சுவரின் தளப்பரப்பு 4.4 × 0.2 = 0.88 ச.மீ.; குறுஞ்சுவர் 3 × 0.2 = 0.60 ச.மீ.; கூடுதல் 1.48.

2. மைட்டர்: இரு சுவர்களும் 45 பாகையில் சாய்வாக வெட்டப்பட்டுப் பொருந்தும். ஒவ்வொன்றும் சரிவகம். ½ × (4.4 + 4.0) × 0.2 = 0.84, ½ × (3.4 + 3.0) × 0.2 = 0.64, கூடுதல் அதே 1.48.

3. ஸ்கொயர் ஆஃப்: செங்கோணம் அல்லாத மூலைகளுக்கு உரியது. செங்கோண மூலையில் மாற்றம் தெரியாது.

தனிச் சுவரின் அளவு மாறினாலும் மொத்தம் மாறவில்லை என்பதை மாணவர்களே கண்டு சொல்வார்கள். ‘இரு சுவர்களும் வேறு வேறு பொருளால் ஆனவை என்றால்?’ என்று கேளுங்கள். அப்போது எந்தச் சுவர் ஓடுகிறது என்பது செலவையே மாற்றும்.

சுவரின் முனைப்புள்ளியில் வலச்சொடுக்கி ‘டிஸ்அலவ் ஜாயின்’ கொடுத்தால் அந்த முனை இணையாது. விரிவு இணைப்புக்கு இடைவெளி விடும்போது இது தேவை. ஆனால் மத்தியக் கோட்டில் வரைந்த இரு சுவர்களையும் மூலையில் இப்படி விட்டால், உட்புறம் 10 × 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெளிப்புறம் அதே அளவு வெற்றிடம் விழும். நீளம் 14.8 என்றே வரும். விடை சரி, மூலை தவறு! எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் இடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை ஒருவர் வகுப்பில் கேட்டார்: “சார், எங்கப்பா ஒரு வரிசையில இந்தச் சுவர ஓட்டுவார், அடுத்த வரிசையில அந்தச் சுவர ஓட்டுவார். இதுல எது?” செங்கல் கட்டில் மூலை பிணைவது அப்படித்தான். திரையில் தெரிவது ஒரு வரிசையின் படம் மட்டுமே என்று எல்லோருக்கும் விளங்கியது அந்தக் கேள்வியால்தான்.

கணினி இல்லாத பள்ளியில் 2 செ.மீ. அகலமுள்ள இரண்டு காகிதப் பட்டைகள் போதும்; 1:10 அளவில் அதுவே சுவர். மூன்று வகையிலும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி: இதே அறையின் நடுவே, குறுஞ்சுவர்களுக்கு இணையாக அதே தடிமனில் ஒரு தடுப்புச் சுவர் வருகிறது. மத்தியக் கோட்டு நீளத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும்? (விடை: முனைக்கு 0.1 மீ வீதம் 0.2 மீ.)