ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன்?

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்குள்ள ராஜகிரி மலைக்கோட்டை ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. படிகளில் ஏறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் வயது முதிர்ந்த சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவர். இறங்கும்போதோ கால்கள் கனத்து, மரத்து, வலிக்கத் தொடங்கும். சற்றுக் குனிந்து உட்கார்ந்தால் சில நிமிடங்களில் வலி தணியும். வலிப்பது கால், பழுதோ முதுகில்! எப்படி என்று காண்போம்.

நமது முதுகெலும்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஒரு துளை உண்டு. துளைகள் வரிசையாக அமைவதால் உண்டாகும் குழாய் போன்ற பாதையே முதுகெலும்புக் கால்வாய். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இதனுள் பாதுகாப்பாக இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பின் அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே, கால்களுக்குச் செல்லும் நரம்புகள் குதிரைவால்போல் கற்றையாகத் தொங்குகின்றன.

இடுப்புப் பகுதியில் இக்கால்வாயின் முன்பின் அகலம் பொதுவாக 15 மி.மீ.க்கு மேல் இருக்கும். வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீர் வற்றிப் பிதுங்குகின்றன, மூட்டுகள் பருக்கின்றன, இணைப்பு நார்கள் தடிக்கின்றன. இதனால் கால்வாய் குறுகுகிறது. அகலம் 10 மி.மீ.க்கும் குறைந்தால் அது கடுமையான குறுக்கம். நெதர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் வெர்பீஸ்ட் 1954இல் இந்நிலையைத் தெளிவாக விளக்கினார்.

குடிநீரில் ஃபுளோரைடு அளவு மிகுந்திருந்தாலும் நாளடைவில் இணைப்பு நார்கள் எலும்புபோல் இறுகி, கால்வாய் குறுகலாம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு நோய் பரவியிருந்தது 1937இல் ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது.

இப்போது ஒரு சிறு சோதனை. இடுப்பின் பின்புறம், நடுக்கோட்டிலுள்ள எலும்பு முனைகள்மீது விரல்களை வையுங்கள். மெல்ல முன்னால் குனியுங்கள். முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதை உணரலாம். நிமிர்ந்து சற்றுப் பின்னால் சாயுங்கள், அவை நெருங்கும். குனியும்போது பின்புற நார்கள் இழுபட்டுக் கால்வாய் அகலமாகிறது. பின்னால் சாயும்போது அவை மடிந்து உட்புறம் பிதுங்குவதால் குறுகுகிறது.

மலை ஏறுகையில் உடலை முன்னால் சாய்க்கிறோம். இறங்குகையில், விழாமலிருக்கப் பின்னால் சாய்க்கிறோம். புதிர் விடுபட்டதா?

கால்களின் இரத்தக் குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது வலி வரும். ஆனால் அவ்வலி தசையின் உழைப்பைப் பொறுத்தது. ஆகவே ஏறும்போது மிகும். குனியாமல் சும்மா நின்றாலே குறையும். குறுகிய கால்வாய் உடையவரோ நின்றுகொண்டே இருந்தாலும் துன்புறுவார். ஆனால் கைப்பிடியில் சாய்ந்தபடி சைக்கிளை நன்றாக மிதிப்பார்! இத்தகைய வேறுபாடுகள் மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன. எம்.ஆர்.ஐ. படம் குறுகிய இடத்தைக் காட்டிவிடும்.

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. பயிற்சியாளர் கற்றுத்தரும் உடற்பயிற்சி, இடையிடையே உட்கார்ந்து நடத்தல், கைத்தடி, மருத்துவர் தரும் மருந்து ஆகியவற்றால் பலர் நலமாக வாழ்கின்றனர். இவற்றால் பயனில்லாமல் நடக்கும் தூரம் குறைந்துகொண்டே போனால், கால்வாயின் பின்சுவரில் ஒரு பகுதியை நீக்கி நரம்புகளுக்கு இடம் தருவர்.

ஒன்றை மறவாதீர்கள். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போதல், சிறுநீர் வெளியேறாமை, தொடைகளின் இடையே உணர்வின்மை, கால்கள் திடீரெனத் தளர்தல் இவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் நரம்புகள் நிலையாகப் பழுதடையலாம்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கால்வலி என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். "நிற்கும்போது வலிக்கிறதா? குனிந்தால் குறைகிறதா? ஏறும்போது அதிகமா, இறங்கும்போதா?" என்று கேளுங்கள். விடைகளைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நோயறிய அவை பெரிதும் உதவும்.