தென்னையைத் தாக்கும் இரு வண்டுகள்

குருத்தோலை ஞாயிறன்று நம் கைக்கு வரும் தென்னங்குருத்தோலைகள் சிலவற்றின் நுனி, கத்தரியால் நறுக்கியது போல் இருக்கும். அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து சுருண்டிருக்கும்போதே அது துளைத்து விடுவதால், விரிந்த மட்டையின் இரு புறமும் முக்கோண வெட்டுகள் தோன்றுகின்றன. காகிதத்தை மடித்து, கத்தரித்து, விரித்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

தென்னைக்கு மற்றொரு பகைவனும் உண்டு. அது சிவப்புக் கூன்வண்டு. மேலிறகுகள் கெட்டியாகி உறைபோல் மூடியிருப்பதால் இரண்டும் வண்டினமே. ஒற்றுமை ஏறக்குறைய அத்துடன் சரி!

காண்டாமிருக வண்டு கரியது, தலையில் கொம்புடையது. இரவில் விளக்கொளிக்கு வந்து 'தட்'டென்று விழும்போது நாம் அலறி ஓடுவது இதைக் கண்டுதான். ஆனால் இதன் வெண்ணிறப் புழு எருக்குழியில் மக்கிய எருவைத் தின்று வளர்கிறது. உயிருள்ள மரத்தைத் தொடுவதில்லை. ஆகவே எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்கலாம். மரத்தில் புகுந்த வண்டையும் இரும்புக் கொக்கியால் குத்தி வெளியே எடுக்கலாம்.

கூன்வண்டோ பார்வைக்குச் சாது. செம்பழுப்பு நிறம், வளைந்த நீண்ட மூக்கு, அவ்வளவுதான். அரிசிப் பானையில் நாம் காணும் சிறு மூக்குவண்டு இதற்கு உறவு. இது மரத்தின் காயங்களில் முட்டையிடுகிறது. கால்களற்ற அதன் புழுக்கள் உள்ளேயே தின்று, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, அங்கேயே வண்டாகின்றன. வெளியில் ஓலை பசுமையாகவே நிற்கும்! தண்டில் சிறு துளை, அதில் வழியும் பழுப்பு நிறச் சாறு, மென்று துப்பியது போன்ற நார் ஆகியவையே அடையாளம். தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் 'கறுக் கறுக்' ஒலி கேட்கும் என்பர். கொண்டை சாய்ந்த பிறகு வைத்தியம் பலிக்காது.

இந்தியாவிலும் சுற்றுப்புற நாடுகளிலும் இருந்த இவ்வண்டு, 1980-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளிலும் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது.

இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. காண்டாமிருக வண்டு குடைந்த துளையே கூன்வண்டுக்கு வாசலாகிறது. நம் அரிவாள் பட்ட இடமும் அப்படியே. அதனால்தான் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டச் சொல்கிறார்கள். தண்டில் காயம் பட்டுவிட்டால் அன்றே தார் பூசி மூடிவிட வேண்டும்.