ஊர் கூடினால் உயிர் பிழைக்கும்



தேர் வடத்தைப் பலரும் ஒரே திசையில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது நிலையிலேயே நிற்கும். இடர்க் காலத்தில் நோயாளரைக் காப்பதும் அத்தகையதே என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

நம் சிகாமட் ஆறு மூவார் ஆற்றோடு கலக்கின்றது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெய்த பெருமழையால் ஜொகூர் மாநிலத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு துறந்து துயர் துடைப்பு மையங்களில் தங்கினர். 2011, 2023 ஆம் ஆண்டுகளிலும் வெள்ளம் நம் வட்டாரத்தை வருத்திற்று.

வெள்ளம் வீட்டை மட்டும் சூழ்வதில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் மூடுகின்றது. சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரத்திற்கு 3 முறை இரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் அந்நிலையில் உள்ளார் என வைத்துக்கொள்வோம். சாலை 4 நாள் மூடப்பட்டால் அவர் உயிர் என்னாவது? நீர் ஏறுமுன்பே அவரை மேட்டுப் பகுதிக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். அதற்கு வீட்டார் முன்கூட்டியே தகவல் தரவேண்டும். வேறொரு சிகிச்சை மையம் இடந்தர வேண்டும். வண்டியோ படகோ வரவேண்டும். இக்கைகளை எல்லாம் இணைப்பதே ஒருங்கிணைப்பு எனப்படும். மாவட்ட அதிகாரியின் தலைமையில் சுகாதாரத் துறை, காவல்துறை, தீயணைப்புப் படை முதலியன ஒன்றுகூடி இப்பணியை ஆற்றுகின்றன.

கோவிட் தொற்றின்போதும் இதனைக் கண்டோம். 2020இல் சுங்கை பூலோ மருத்துவமனை அந்நோயாளருக்கென ஒதுக்கப்பட்டது. பிற நோயாளர் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். நோய் கடுமையாக இல்லாதோருக்குச் செர்டாங் கண்காட்சி வளாகத்தில் படுக்கைகள் இடப்பட்டன. அதனால் கடும் நோயாளருக்குப் பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்தது.

அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பதும் இந்நோக்கத்தாலேயே. அங்கே வந்த வரிசை முறையன்று. நோயின் கடுமையே முறை. நமக்குப் பின் வந்தவர் முன்னே அழைக்கப்பட்டால் சினங்கொள்ளல் தகாது. நாளை அச்சிவப்புப் பிரிவில் இருப்பவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா?

நாம் செய்ய வேண்டியவை:

1. மழைக்காலத்திற்கு முன்பே வீட்டிலுள்ள நோயாளர், கருவுற்ற தாய்மார் விவரத்தைச் சுகாதார நிலையத்தில் தெரிவித்தல்.

2. மருந்து, சிகிச்சை அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றை நீர் புகாத பையில் வைத்தல்.

3. ஆபத்தில் 999 எண்ணை அழைத்துத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுதல்.

மாணவ மணிகளே! மூன்றாவது பணி உங்களுடையதாகவும் ஆகலாம். உங்கள் வீட்டிற்கு வரும் வழியை மலாய் மொழியில் சொல்ல இன்றே பழகுங்கள். வழி தெரிந்தால்தான் வண்டி வரும். வண்டி வந்தால்தான் உயிர் பிழைக்கும்.