ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்புறுதி: எதைப் பார்த்து எடுப்பது?

"யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, நமக்கு எதற்கு மருத்துவக் காப்புறுதி?" என்று ஐந்து சந்தி வியாபாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே கட்டிலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ காசு கட்டத் தேவையில்லை. ஆனால் 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது அரச வைத்தியசாலைகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, துண்டோடு வெளியே அலைந்ததை மறந்துவிட முடியாது. அதைவிட, கட்டில் இலவசமானாலும் கடை பூட்டித்தான் கிடக்கும். அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவும் உண்டு, அக்ரஹார காப்புறுதியும் உண்டு. நமக்கு இரண்டும் இல்லை.

ஆஸ்பத்திரிக் காப்புறுதி பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, பில்லைக் காட்டினால் ஓர் எல்லை வரை திருப்பித் தருவது. மற்றது, தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு ரூபாய் என்று கையில் தருவது. இலவச வார்டில் படுத்தவரிடம் காட்டுவதற்குப் பில்லே இருக்காது. அவருக்கு நாட்காசுதான் உதவும். அரச வைத்தியசாலைக்கும் தருவீர்களா, முழுத்தொகையா பாதியா, எத்தனையாவது நாளிலிருந்து என்று முகவரிடம் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி கொழும்புக்குப் போக நேர்ந்தால் தனியார் ஆஸ்பத்திரிப் பில் வரும். அதற்கு முதலாவது விதம் வேண்டும். அறை வாடகைக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி எல்லை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூடப் போகிறவரின் லொட்ஜ் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான்.

என் மைத்துனருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். முகவர் படிவத்தில் "நோய் இல்லை" என்று எழுதினார். மைத்துனர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். பிறகு காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நோயை மறைத்தீர்கள் என்று கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் கட்டுப்பணம் கூடியிருக்கும், அல்லது சீனியால் வரும் வருத்தத்தை விலக்கியிருப்பார்கள். அதையாவது முன்கூட்டியே தெரிந்துகொண்டிருப்போம். படிவத்தை நீங்களே நிரப்பி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்த வயது வரை புதுப்பிப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பிணக்கு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுதுங்கள். தீராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

வட்டி கலந்ததென்று தயங்குவோருக்கு தகாபுல் முறை உண்டு. அமானா தகாபுல் நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது. தகாபுல் என்பதற்காகப் பத்திரத்தை வாசிக்காமல் விடாதீர்கள், விலக்குகள் அதிலும் உண்டு.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டுவது முதலாளியின் கடமை. இருதயச் சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்தல் போன்றவற்றுக்கு அங்கத்தவருக்கு அங்கே உதவி உண்டு. பலர் இதை அறியாமலே தனியே காப்புறுதி தேடுகிறார்கள். சுயதொழில் செய்வோரும் அதில் சேரலாம். காப்புறுதிக் கம்பனிக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.