நூற்றுக்கு இரண்டு ரூபாய்

சிப்காட் பக்கத்துப் பள்ளிகளில் கம்பெனி பேர் எழுதின பெஞ்சு, தண்ணித் தொட்டி பார்த்திருப்பீங்க. தர்மம்னுதான் நானும் நினைச்சேன். பின்னால ஒரு சட்டம் இருக்கு! 2013-ம் வருட கம்பெனிகள் சட்டம், பிரிவு 135.

வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் வரும் கம்பெனி, முந்தைய 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவு செய்யணும். லாபம் 8, 10, 12 கோடி என்றால் சராசரி 10 கோடி. அதில் 20 லட்சம். (நம்ம கணக்குப் பாடம்தான்!) ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னுரிமை.

ஆனா, கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் செலவை இதில் எழுத முடியாது. அது வேற சட்டப்படி எப்படியும் செய்ய வேண்டிய கடமை. பெஞ்சு கொடுத்தா ஓடையில் விட்ட கழிவு சரியாப் போயிடாது.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனிக்குத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் ஒட்டின கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடையில் கிடந்தது தெரிந்து, 2001-ல் மூடினார்கள். பாதரசத்தால் உடம்பு கெட்டதுன்னு தொழிலாளர்கள் போராடினாங்க. 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்தது 2016-ல்தான். பதினைஞ்சு வருஷம்! அப்போ நாம பால்வாடியில இருந்தோம்.