பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் பாடம்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆண் பிள்ளைகள் "இது நமக்கு இல்ல லா" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் பாதி உங்களுக்காகவே எழுதியது. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இதைப் பாடக் குறிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பலருக்கும் இந்தக் காட்சி தெரியும். ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ ஒருநாள், பெண் பிள்ளைகளை மட்டும் மண்டபத்துக்கு வரச் சொல்வார்கள். ஒரு தாதியோ, பேட் நிறுவனத்திலிருந்து வந்த அக்காவோ பேசுவார். ஆளுக்கு ஒரு பொட்டலம் கிடைக்கும். அந்த நேரத்தில் பையன்கள் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பையை நெஞ்சோடு அணைத்தபடி வகுப்புக்குத் திரும்பும்போது, "என்ன கொடுத்தாங்க? காட்டு" என்று கேட்பார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, அன்றைக்குப் பையன்களும் ஒரு பாடம் படித்துவிட்டார்கள்: இது மறைக்க வேண்டியது, கேலி பண்ணலாம். அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் பினபோர் பின்னால் கறை பட்டால், சிரிக்கிறவன் யார்? அன்று திடலுக்கு அனுப்பப்பட்டவன்தான்.

மலேசியப் பாடத்திட்டத்தில் இது இல்லாமல் இல்லை. இனப்பெருக்க, சமூக நலக் கல்வி 2011 முதல் தொடக்கப்பள்ளியில் சுகாதாரக் கல்வியோடு சேர்த்து வந்திருக்கிறது. பருவ வளர்ச்சி, நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் எல்லாம் அதில் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் தொடக்கநிலை மேல்வகுப்பிலேயே பருவ மாற்றம் பற்றிய பாடம் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி. சங்கடப்படும் ஆசிரியர், "வீட்டுல படிச்சுக்குங்க" என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டால், வீட்டில் அம்மாவும் அதையே ஸ்கூல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்.

முதலில் உடம்பைப் பற்றிச் சில உண்மைகள். இவற்றை இருபாலரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். பையன்களுக்கு 9 முதல் 14க்குள். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதனால் நாலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு வந்துவிட்டாலும் அது அதிசயமில்லை. ஆறாம் ஆண்டில் பாடம் வைத்தால் சிலருக்கு அது தாமதம்.

கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்சுவரைத் தடிமனாக்கித் தயார் செய்கிறது. கரு தங்கவில்லை என்றால் அந்தச் சுவர் இரத்தத்தோடு வெளியே வருகிறது. அவ்வளவுதான். அது "கெட்ட இரத்தம்" இல்லை, உடம்பு அழுக்கைக் கழிக்கவும் இல்லை. பொதுவாக 2 முதல் 7 நாள் வரை இருக்கும். மொத்தமாகப் போவது சராசரியாக 30, 40 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பார்க்கும்போது அதிகமாகத் தெரியும். முதல் சில ஆண்டுகளில் நாள் கணக்கு 21இலிருந்து 45 வரை மாறி மாறி வரலாம்.

எப்போது கிளினிக் போக வேண்டும்? ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்து, அப்படியே பல மணி நேரம் தொடர்ந்தால். 7 நாளுக்கு மேல் போனால். வயிற்று வலியால் மாதாமாதம் பள்ளிக்கு மட்டம் போட வேண்டியிருந்தால். 15 வயதாகியும் வராவிட்டால். "எல்லாருக்கும் வலிக்கும், பொறுத்துக்கோ" என்று பாட்டி சொல்வது அன்பால்தான். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

பையன்களுக்கும் கேள்விகள் உண்டு, யாரும் கேட்பதில்லை. குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியாவது இயல்பு. பருவ வயதில் பல பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கி வலிக்கும், பிறகு தானாகவே அடங்கும். இதைச் சொல்ல ஆளில்லாமல் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு நீச்சலுக்கே போகாத பையன்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் சேர்ந்தா, தனித்தனியா?

தனி வகுப்பு வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பையன்கள் முன்னால் ஒரு பிள்ளை, "டீச்சர், கறை போக எந்தத் தண்ணி?" என்று கேட்கமாட்டாள் (பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும்). பேட்டை எப்படி ஒட்டுவது, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, கழித்ததைச் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவது, இதெல்லாம் கையில் எடுத்துக் காட்ட வேண்டியவை. அதற்குத் தனி அறைதான் நல்லது. கான்வெண்ட் போன்ற பெண்கள் பள்ளிகளில் இது சுலபமாக நடக்கும்.

ஆனால் தனி வகுப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில்தான் உட்கார்கிறார்கள். வீட்டிலும் அக்கா, தம்பி ஒரே கூரையின் கீழ். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் தங்கைக்கு வந்துவிட்டால், கடைக்கு ஓடிப் பேட் வாங்கி வர அண்ணனுக்குத் தெரிய வேண்டாமா? உடல் உண்மைகளை இருபாலருக்கும் சேர்த்து, ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள். பிறகு பிரித்து, கைவேலைப் பாடமும் சொந்தக் கேள்விகளும். பையன்களை அந்த நேரம் திடலுக்கு விடாதீர்கள், அவர்களுக்கும் ஓர் ஆண் ஆசிரியரோ அண்ணனோ உட்கார்ந்து பேச வேண்டும்.

சமய வகுப்பில் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: "அந்த நாள்ல கோவிலுக்குப் போகலாமா, விளக்கு ஏத்தலாமா?" நழுவ வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் போவதில்லை, அது வழக்கம். சில வீடுகளில் அந்த வழக்கம் தளர்ந்திருக்கிறது. வழக்கத்தைக் கடைப்பிடிப்பது ஒன்று, பெண்ணைத் தீட்டு என்று இழிவாகப் பேசுவது வேறு. அசாமில் காமாக்கியா கோவிலில் ஆண்டுதோறும் ஜூன் மாத அம்புபாச்சி நாள்களில் அம்மனுக்கே மாதவிடாய் என்று நடை சாத்தி, பிறகு திறந்து கொண்டாடுகிறார்கள். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கும் அப்படி ஒரு சடங்கு உண்டு. இதைச் சொன்னால் வகுப்பில் கேலிச் சிரிப்பு நின்றுவிடும்.

மஞ்சள் நீராட்டு வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்பார்கள். அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். மண்டபம் எடுத்து, பேனர் அடித்து ஊரைக் கூட்டுவதில் சிலர் மகிழ்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். சடங்கு நடந்த வீட்டில்கூட அது என்ன என்று பிள்ளைக்கு யாரும் விளக்காமல் விட்டிருப்பது உண்டு.

இன்னொன்று. மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கும், சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்கும் பள்ளி வழியாக எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான். சம்மதப் பாரம் வீட்டுக்கு வந்தால் பையிலேயே கிடந்து கசங்க விடாமல் அம்மாவிடம் கொடுங்கள்.

வகுப்பு எடுப்பவர்களுக்கு: கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வெற்றுச் சீட்டு என்றாலும் எல்லாரும் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார் என்று தெரியாது. ஆனால் "எதைச் சொன்னாலும் ரகசியமா வச்சிக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை, யாரோ தன்னைத் தொடுகிறார் என்று வந்து சொல்லக்கூடும். மலேசியாவில் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி அதைத் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம். தாலியான் காசே 15999 எண்ணை வெண்பலகையில் பெரிதாக எழுதிவையுங்கள்.

வகுப்புக்கு முன் கோவில் கழிவறையைப் போய்ப் பாருங்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி, சோப்பு, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்கப் பெண் பிள்ளைகளை அனுப்பாமல், இளைஞர் பிரிவுத் தம்பிகள் போய்க் கேளுங்கள்.